தோண்டுவதற்கு முன் கேட்ட ஊர்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் எடுத்த அன்று, எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜேசிபி கிழக்குக் கோடியிலிருந்து மண்ணை வாரிக்கொண்டே வந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, வாட்டம் எந்தப் பக்கம்பா வைக்கிறீங்க?”

“கிழக்கே பாட்டி. மெயின் ரோட்டு வடிகால்ல போய்ச் சேர்ந்துடும்.”

“அந்தப் பக்கம் மேடாச்சேப்பா. மழை பேஞ்சா தண்ணி மேற்கால தான் ஓடும். கல்யாண மண்டபம் இருக்கு பாரு, அந்த இடத்துல முன்னே தாங்கல் இருந்துச்சு.”

“டிராயிங்ல இப்படித்தான் பாட்டி இருக்கு.”

அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கையில் வைத்திருந்த வரைபடத்தை விரித்தும் காட்டினார். அதில் ஒரு கோட்டை மாற்றும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. மேடான பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகவே முடியாது என்பதில்லை. ஆழம் கூட்டிக்கொண்டே போனால் போகும். ஆனால் போய்ச் சேரும் இடத்திலிருக்கும் வடிகாலின் அடிமட்டம் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் அது தாழ்ந்திருக்கவில்லை.

வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மேற்குக் கோடியில் இப்போதும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பாட்டியின் வீடு 1988-இல் கட்டியது. அப்போது தெருவிலிருந்து நான்கு படி ஏறி வாசலுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறை தார் போட்டபோதும் ஒரு படி மண்ணுக்குள் போனது. இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் அவர் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இரும்புக் கேட் திறக்காமல் போய், அடியில் அரை அடி வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல. பாட்டி கேட்ட கேள்வி சரியான கேள்வி. கேட்ட நாள்தான் பிந்திவிட்டது. பள்ளம் தோண்டும் நாளில் எந்தக் கேள்வியும் எடுபடாது. அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். அந்த முன்கட்டத்திலேயே வீடு வீடாகப் போய்க் கேட்ட ஊர் ஒன்று சென்னையின் ஓரத்தில் இருந்தது. அதுதான் ஆலந்தூர்.

ஐயாயிரம் ரூபாய் ரசீது

ஆலந்தூர் இன்று சென்னை மாநகராட்சியின் 12-ஆவது மண்டலம். மெட்ரோ ரயில் மாறும் இடம் என்பதுதான் இளைஞர்களுக்கு அடையாளம். 2011 வரை அது தனி நகராட்சி. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், பழவந்தாங்கல் எல்லாம் அதற்குள் அடங்கியவை. 2001 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 1.46 லட்சம் பேர் இருந்தார்கள்.

தொண்ணூறுகளில் அங்கே பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குச் சொல்ல வேண்டும். லாரி வரும்வரை வழிவது திறந்த சாக்கடையில் ஓடும். கொசு, நாற்றம், கிணற்றுநீர் கெடுவது என்று புறநகரில் வளர்ந்த யாருக்கும் இதை விவரிக்கத் தேவையில்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்த நகராட்சி மன்றம் ஊர் முழுக்கப் பாதாள சாக்கடை போடுவதென்று இறங்கியது.

மதிப்பீடு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். வீட்டுவரியை நம்பியிருக்கும் ஒரு நகராட்சிக்கு அது எட்டாத தொகை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற அரசு சார்ந்த நிதி அமைப்புகளிடம் கடனும் மானியமும் கேட்க வேண்டியிருந்தது. கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது திரும்பி வருமா என்பதைத்தான். திரும்பி வர வேண்டுமானால் வீடுகள் இணைப்பு வாங்கி மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும்.

இதில் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. வெளியில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாதாள சாக்கடை பம்ப் வைத்துத் தள்ளும் குடிநீர்க் குழாய் போன்றதல்ல. பெரும்பாலான தூரம் வாட்டத்தை நம்பித்தான் அதில் கழிவு ஓடும். போதுமான வீடுகள் சேர்ந்து, போதுமான நீர் விழுந்தால்தான் கசடை இழுத்துக்கொண்டு போகும் வேகம் வரும். நூறு வீடு இருக்கும் தெருவில் பதினைந்து வீடு மட்டும் சேர்ந்தால் கசடு அடியில் தங்கி, இறுகி, அடைத்துக்கொள்ளும். பிறகு அடைப்பெடுக்க ஆள் வர வேண்டும். மேன்ஹோலுக்குள் மனிதரை இறக்கும் கொடுமைக்கு இப்படியும் ஒரு வழி திறக்கிறது. ஆக, எத்தனை வீடுகள் சம்மதிக்கும் என்பது குழாய் பதிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

ஆலந்தூர் அந்தக் கணக்கை வீட்டு வாசலில் போய் எடுத்தது. குடியிருப்புக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று வைப்புத்தொகை நிர்ணயித்தார்கள். குழாய் வருவதற்கு முன், பள்ளம் தோண்டுவதற்கு முன், ஒரு செங்கல்கூட இறங்குவதற்கு முன், அந்தப் பணத்தைக் கட்டச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் நங்கநல்லூரில் குடியிருந்த கீழ்நிலை அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அதை வாங்க வேண்டுமென்றால் கவுன்சிலர் வீடு ஏறியாக வேண்டும், குடியிருப்போர் சங்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் நடந்தது. வசூலான பணத்தை நகராட்சியின் பொதுக் கணக்கில் போடாமல் தனிக் கணக்கில் வைத்தார்கள். சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் அது கரைந்துவிடாது என்று காட்ட வேண்டியிருந்ததல்லவா.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் குழாய் பதித்து முடித்தார்கள். பெருங்குடியில் நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கினார்கள். சுத்தம் செய்த அளவுக்கு ஏற்ப நகராட்சி அவர்களுக்குப் பணம் கொடுத்தது. தனியாரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு சிறு நகராட்சி சாக்கடைத் திட்டத்தை முடித்ததற்கு இந்திய அளவில் முன்மாதிரியாக இன்றும் ஆலந்தூரைத்தான் காட்டுகிறார்கள்.

அப்படிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிதி ஏற்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்த ரசீது. 5,000 கட்டியவர் சும்மா இருக்க மாட்டார். என் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்பார். குழாய் இறக்கும்போது நின்று பார்ப்பார். மேன்ஹோல் மூடி தெருமட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், மறுநாள் டீக்கடையில் கவுன்சிலரைப் பார்த்துச் சொல்வார். ஒரு சிறிய ஊரில் அந்தக் கவுன்சிலருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இந்த முறையை அப்படியே எல்லா ஊருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பணம் கட்ட முடியாத குடிசைவாசியும், நாளைக்கே வீடு மாறப்போகும் வாடகைக்காரரும் இதில் எங்கே நிற்பார்கள்? சுகாதாரம் எல்லோருக்கும் உரியது. முன்பணம் கட்டியவருக்கு மட்டும் என்று அதை ஆக்கிவிடக் கூடாது. இதே கேள்வி ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் எழுகிறது. பொதுவான வேலைகளுக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும் என்பது அதன் ஏற்பாடு. வசதியான தெருவால் அந்த ஒரு பங்கைத் திரட்ட முடியும், பூங்காவோ சிமென்ட் சாலையோ வந்துவிடும். தினக்கூலிகள் வாழும் தெருவால் எப்படித் திரட்ட முடியும்? ஆலந்தூரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வசூலை அல்ல. வீட்டுக்கு வீடு போய், என்ன வரப்போகிறது, எவ்வளவு ஆகும், எப்போது முடியும் என்று விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகே தோண்டினார்களே, அந்த வரிசையைத்தான்.

மூவாயிரத்தைந்நூறும் முப்பத்து மூவாயிரமும்

வீடு வீடாகப் போய்க் கேட்பது அங்கே ஏன் சாத்தியமாயிற்று? தலைவர் ஒருவரின் முனைப்பு என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அதைவிட எளிய காரணம் ஒன்று எண்ணிக்கையில் இருக்கிறது. ஆலந்தூர் நகராட்சியில் 42 வார்டுகள். 1.46 லட்சம் பேரை வகுத்தால் ஒரு வார்டுக்குச் சுமார் 3,500 பேர், அதாவது எண்ணூறு, தொள்ளாயிரம் வீடுகள். ஒரு மனிதர் மாலை நேரங்களில் நடந்தே ஏறி இறங்கிவிடக்கூடிய எண்ணிக்கை இது.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் அதற்குள் கரைந்தன. அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம், மணலி, வளசரவாக்கம், மதுரவாயல், ஆலந்தூர் எல்லாம் அப்படி வந்தவை. வார்டுகளின் எண்ணிக்கை 155-லிருந்து 200 ஆனது. விரிந்த எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம் பேர். ஒரு வார்டுக்கு 33,000 பேருக்கு மேல் வருகிறது. பழைய ஆலந்தூர் கவுன்சிலர் பார்த்துக்கொண்டதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு மக்களை இன்றைய கவுன்சிலர் பார்க்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எல்லா வாசலிலும் ஏற முடியாது.

ஊராட்சிகளாக இருந்து சேர்ந்த 25 ஊர்கள் இழந்தது இன்னும் பெரிது. மடிப்பாக்கம், நீலாங்கரை, ஒக்கியம் துரைப்பாக்கம், முகலிவாக்கம், நொளம்பூர் போன்ற ஊர்களில் அதுவரை கிராம சபை உண்டு. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் ஊரார் கூடி, எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று பேசித் தீர்மானம் போடலாம். எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று கேட்கவாவது சட்டம் இடம் கொடுத்தது. மாநகராட்சிக்குள் வந்த மறுநாளே அந்த இடம் இல்லாமல் போனது.

அதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். ஐந்து ஆண்டுக்கு மேலாகச் சென்னையில் கவுன்சிலரே கிடையாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மழைநீர் வடிகால்களுக்குப் பெரும் பணம் வந்து இறங்கிய ஆண்டுகள் அவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கி நிதி, கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன். கொசஸ்தலையாறு திட்டம் மட்டுமே சுமார் 3,220 கோடி ரூபாய். இதே ஊர்களின் தெருக்கள் தோண்டப்பட இருந்த காலத்தில், தெருவுக்குத் தெரிந்தவர் என்று சொல்ல மன்றத்தில் ஒருவர்கூட இல்லை.

கோவளம் படுகைத் திட்டத்தில் அது வெளிப்படையாகவே தெரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகள் மணல் மேடுகள். பெய்த மழை அங்கே மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது, கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பதும் அந்த நன்னீர்தான். எங்கள் தெருவில் தண்ணீரே நிற்பதில்லையே, இங்கே கான்கிரீட் வடிகால் எதற்கு என்று குடியிருப்பவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, மண்ணைத் தெரிந்தவர்கள் கேட்ட கேள்வி. மன்றம் இல்லை, சபை இல்லை. கடைசியில் அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வார்டுக் கூட்டத்தில் அரை மணி நேரத்தில் பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.

கேள்வி எந்த நாளில் செல்லும்?

ஒரு வடிகாலோ சாலையோ எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் பாட்டியின் சிக்கல் விளங்கும். முதலில் தேவை என்று எங்கோ ஒரு பட்டியலில் ஏறுகிறது. பிறகு லெவல் எடுக்கிறார்கள், அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கிறார்கள், வரைபடம் போடுகிறார்கள், மதிப்பீடு தயாராகிறது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, நிதி ஒதுக்கீடு. அதன் பின் டெண்டர். 1998-இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி விளம்பரம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. அப்புறம்தான் ஜேசிபி. வேலை நடக்க நடக்க அளவுகள் எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏறும், அதன்படி பில் பாஸ் ஆகும்.

இந்த வரிசையில் குடியிருப்பவர் கண்ணில் படுவது ஜேசிபிதான். அதற்குள் அளவு, ஆழம், வாட்டம், விழும் இடம் எல்லாமே ஒப்பந்தத்துக்குள் போயிருக்கும். நடுவில் மாற்றினால் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், அனுமதியைத் திரும்ப வாங்க வேண்டும், ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்பார், தணிக்கையில் கேள்வி வரும். பொறியாளர் பாட்டியை நம்பினாலும் மாற்றத் தயங்குவதற்கு இதுதான் காரணம். லெவல் எடுக்கும் நாளில் பாட்டியைக் கேட்டிருந்தால் செலவே இல்லை. வரைபடத்தில் ஒரு கோடு திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

லெவல் கருவி பொய் சொல்லாதே, பிறகு பாட்டி எதற்கு என்று கேட்கலாம். கருவி இன்றைய மேற்பரப்பைத்தான் அளக்கும். ஐந்து முறை தார் போட்டு உயர்ந்த சாலையும், மண் கொட்டி மேடாக்கிய மனையும் அதற்கு நிலம்தான். மழைத் தண்ணீர் அடியிலிருக்கும் பழைய பள்ளத்தை மறப்பதில்லை. செங்கல்பட்டுச் சீமை முழுக்கவே ஏரிகளால் கோத்த நிலம். ஒரு ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியாக வழிந்தால், அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். தென்சென்னை ஏரிகளின் வழிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளம் பக்கமாகக் கடலை அடைகிறது. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தின் ஓரத்தில்தான் பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பையைக் கொட்டினோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ஊர்ப் பெயர்களே பாதி வரைபடம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று வழங்குகிறோம். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறு நீர்நிலை. வெட்டுவாங்கேணியில் கேணி இருக்கிறது. மனை வாங்கும்போது அந்தப் பெயரை யாரும் யோசிப்பதில்லை. ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போதுதான் ஊர்ப் பெயரின் பொருள் புரிகிறது.

சிறிய ஊர்கள் தனியாகவே இருந்திருக்கலாம் என்பது என் முடிவல்ல. ஏரிக்கு உள்ளேயே மனை போட அனுமதித்ததும், கால்வாயை அடைத்துக் கடை கட்டியதைக் கண்டும் காணாமல் இருந்ததும் பல இடங்களில் அதே சிறிய உள்ளாட்சிகள்தான். தண்ணீருக்கு நகராட்சி எல்லை தெரியாது. முடிச்சூரில் வெள்ளம் வந்தால் அதன் காரணம் அடையாற்றின் மேல்நிலை ஏரிகளில் இருக்கும். ஆகவே படுகை முழுவதையும் ஒன்றாக எடுத்துத் திட்டமிடுவதும், அதற்குப் பெரிய அமைப்பும் பெரிய கடனும் தேவைப்படுவதும் சரியே. பெரிய வடிகால் எங்கே போக வேண்டும் என்று படுகை வரைபடம் சொல்லும். சின்ன வடிகால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெருதான் சொல்ல முடியும். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகிவிடாது.

சாலை உயரமும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குப் புதிதாகப் போட வேண்டும் என்று, 2021 மே மாதம் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றவுடன் வெ. இறையன்பு துறைகளுக்கு எழுதினார். மில்லிங் என்ற சொல் அதன் பிறகு புறநகர்த் தெருக்களிலும் புழங்கத் தொடங்கியது. இன்று சாலை போட வருகிறவர்களிடம் “மில்லிங் பண்ணிட்டுத்தானே போடுவீங்க?” என்று கேட்கத் தெரிந்த தெருவில் படிகள் மண்ணுக்குள் போவதில்லை. கேட்கத் தெரியாத தெருவில் இன்னும் போகின்றன.

பள்ளிக்கூடத்தில் ஒரு சாயங்காலம்

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டு நகரங்களில் தெருவரை இறங்கும் விதிகள் 2022-இல்தான் வந்தன. அதன்படி கவுன்சிலர் தலைமையில் வார்டுக் குழு, அதற்குக் கீழே வார்டைப் பிரித்து பகுதி சபைகள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பல ஊர்களில் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

தாம்பரத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து அது மாநகராட்சியானது. 70 வார்டுகள். 2011 மக்கள்தொகையைக் கொண்டு பார்த்தால் வார்டுக்குச் சுமார் 10,000 பேர். 2019-இல் மாநகராட்சியான ஆவடியில் இன்னும் குறைவு. ஆலந்தூர் அளவுக்கு நெருக்கம் இல்லை, சென்னை அளவுக்குத் தூரமும் இல்லை. வீடு ஏறிக் கேட்கும் பழக்கத்தை இந்த ஊர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

பகுதி சபைக்குப் பலம் குறைவு என்பது தெரிந்ததே. அதன் பிரதிநிதி மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர் அல்ல, மன்றம் நியமிப்பவர். கிராம சபைத் தீர்மானத்துக்கு இருக்கும் மதிப்பு இதற்கு இன்னும் வரவில்லை. எப்போது கூட்டம் என்று பலருக்கும் தெரிவதே இல்லை. ஆனாலும் ஜேசிபி வருவதற்கு முன் ஒரு பொறியாளரை உட்கார வைத்துக் கேட்கக்கூடிய இடம் இன்றைக்கு அது ஒன்றுதான். கேட்க வேண்டியதும் அதிகம் இல்லை. தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது? விழும் இடத்தின் அடிமட்டம் நம் தெருவைவிட எவ்வளவு தாழ்வு? சாலை முடிந்தபின் வாசற்படி எத்தனை அங்குலம் இருக்கும்? இவற்றுக்குப் பதில் மதிப்பீட்டிலேயே இருக்கும். வாயால் சொல்ல மறுத்தால், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

இதைவிடப் பெரிய கூட்டமும் வரவிருக்கிறது. சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1975-இல் வந்தது, இரண்டாவது 2008-இல். மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. 2022-இல் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. ஆலந்தூர் நாற்பது ஆண்டுக்கு முன் இருந்த நிலையில் இன்று இருக்கும் எத்தனையோ சிறிய ஊர்கள் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. திட்ட வரைவு வெளியானதும் மக்கள் எழுத்துமூலம் கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதமாவது தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஊர்களின் தாங்கலும் கால்வாயும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று சர்வே எண் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள்தான்.

எங்கள் பகுதியின் கூட்டம் போன முறை பள்ளிக்கூடத்தில் நடந்தது. முப்பது பேருக்கு மேல் இல்லை. பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குப்பை வண்டி எல்லாம் முடிந்தபின் எழுந்து, வடிகாலின் வாட்டம் பற்றிக் கேட்டார். வந்திருந்த பொறியாளர் நம்மைவிட வயதில் சின்னவர், புதிதாக மாறுதலில் வந்தவர். “வாங்க பாட்டி, போய்ப் பார்த்துடலாம்” என்று எழுந்துவிட்டார். பத்துப் பேர் அவர்கள் பின்னால் நடந்தோம்.

கிழக்குக் கோடியில் மூடியைத் தூக்கி அளவுக் கோலை இறக்கினார்கள். எங்கள் வடிகாலைவிட மெயின் ரோட்டு வடிகாலின் அடிமட்டம் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. மேற்குக் கோடிக்கு நடந்து, கல்யாண மண்டபத்தின் மதிலோரம் நின்று, பையிலிருந்து வரைபடத்தை எடுத்தார்.

“இங்கேருந்து எது வரைக்கும் தண்ணி நிக்கும் பாட்டி?”

பாட்டி கையை நீட்டிக் காட்டினார். மண்டபம், அதன் பின்னால் இருக்கும் காலி மனை, அதற்கப்பால் நாலைந்து வீடுகள்.

“அந்தத் தாங்கலுக்குப் பேர் என்ன?”

“பேரெல்லாம் தெரியாதுப்பா. தாங்கல்னுதான் சொல்லுவோம். மாடு குளிப்பாட்டுவாங்க.”

அவர் வரைபடத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘தாங்கல்’ என்று எழுதிக்கொண்டார். திருத்திய மதிப்பீடு இன்னும் வரவில்லை.